ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு எந்த வெர்ஷன்?

நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலையில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.

தலைவர் ஐயா எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். அடுத்தது தண்ணீர்த் தொட்டி விஷயம் என்பதால் யாரும் அதற்கு மேல் என்னைப் பேச விடமாட்டீர்கள் என்று தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சங்கத்திடம் மூன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒன்று ஆபீஸில், டேலி கணக்குக்கும் மெயின்டனன்ஸ் ரசீதுக்கும். இரண்டாவது கேட்டில், வருகிறவர்கள் பெயர் பதிய. மூன்றாவது படிப்பறையில், நம் உறுப்பினர் ஒருவர் படித்து முடித்ததும் பிள்ளைகளுக்காகக் கொடுத்த அரசு மடிக்கணினி. மூன்றிலும் விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அன்றிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சி. தம்பிகள் எல்லாம் "எது லேட்டஸ்ட்டோ அதைப் போடுவோம்" என்கிறார்கள். பொருளாளர் அண்ணன் "ஓடுகிற வரைக்கும் கை வைக்காதீர்கள்" என்கிறார். இரண்டுமே எனக்குச் சம்மதமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பொருளாளர் அண்ணன் சொன்னது. அவர் பயம் நியாயமானது. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய அப்டேட் வந்தது, 1809 என்று பெயர். போட்டவர்களில் சிலருடைய டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த கோப்புகளே அழிந்துபோயின. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவிட்டு, நவம்பர் 13-ஆம் தேதிதான் திரும்பக் கொடுத்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், வெளியீட்டுக்கு முன்பே சோதித்துப் பார்த்த ஆட்களில் சிலர் "கோப்பு காணாமல் போகிறது" என்று எழுதியிருந்தார்கள். குவிந்து கிடந்த புகார்களுக்குள் அது யார் கண்ணிலும் படவில்லை. ஆக, புது அப்டேட் என்றால் அண்ணன் ஒரு அடி பின்னால் நிற்பதில் தப்பில்லை.

ஆனால் "கை வைக்காமல் விடுவது" வேறு, "நிலையான வெளியீட்டில் இருப்பது" வேறு. இந்த இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நிலையான வெளியீடு, அதாவது ஸ்டேபிள் என்பதற்கு அர்த்தம் இதுதான்: மெனு மாறாது, பட்டன் இடம் மாறாது, புது வசதி எதுவும் வந்து சேராது. ஆனால் ஓட்டை கண்டுபிடித்தால் அந்த ஓட்டையை மட்டும் அடைத்துக் கொடுக்க ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார், அதுவும் ஒரு குறிப்பிட்ட தேதி வரைக்கும். அந்தத் தேதி தாண்டிவிட்டால் அது ஸ்டேபிள் இல்லை. வெறும் பழசு.

வெறும் பழசு என்ன செய்யும் என்பதற்கு 2017 மே மாதம் ஒரு உதாரணம். வானாக்ரை என்ற வைரஸ். கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, திறக்கக் காசு கேட்டது. பிரிட்டனில் அரசு ஆஸ்பத்திரிகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் தேதிகள் ரத்தாயின. நமக்குப் பக்கத்தில் ஆந்திர போலீஸ் கம்ப்யூட்டர்கள் மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. வைரஸ் வந்தது மே 12. இடையில் இரண்டு மாதம் இருந்தது. "ஓடுது, விடு" என்று விட்ட இடங்கள்தான் பெரும்பாலும் அடிபட்டன.

இப்போது தம்பிகள் பக்கம். லேட்டஸ்ட் என்றால் என்ன? உபுண்டு லினக்ஸை எடுத்துக்கொள்கிறேன், அதில் கணக்கு எளிது. வெர்ஷன் எண்ணே வருஷமும் மாதமும்தான். 24.04 என்றால் 2024 ஏப்ரல். 25.10 என்றால் 2025 அக்டோபர். ஆறு மாதத்துக்கு ஒன்று வரும். இதில் இரட்டைப்படை வருஷத்தின் ஏப்ரலில் வருவது மட்டும் நீண்ட காலத்துக்கானது, எல்.டி.எஸ். என்பார்கள். அதற்கு ஐந்து வருஷம் திருத்தம் வரும். மற்றவைக்கு ஒன்பது மாதம், அவ்வளவுதான். 2025 அக்டோபரில் லேட்டஸ்ட்டாக வந்தது 25.10. அதன் ஆயுள் 2026 ஜூலை வரைதான். 24.04-க்கு 2029 வரை இருக்கிறது. பழைய எண்ணுக்குத்தான் ஆயுள் அதிகம். கடையில் பால் பாக்கெட் வாங்கும்போது எல்லாரும் தேதி பார்க்கிறோம், கம்ப்யூட்டரில் மட்டும் பெயரைப் பார்க்கிறோம்.

அந்த 25.10-ல் நடந்த ஒரு சமாச்சாரம் சொல்ல வேண்டும். லினக்ஸில் அடித்தளமாக இருக்கிற சின்னச் சின்னக் கட்டளைகளை, தேதி காட்டுவது, கோப்பு நகலெடுப்பது போன்றவற்றை, ரஸ்ட் என்ற புது மொழியில் எழுதிய வடிவங்களாக இந்த வெளியீட்டில் மாற்றினார்கள். நோக்கம் நல்லது. ஆனால் தேதிக் கட்டளையில் ஒரு பிசகு. "இந்தக் கோப்பு கடைசியாக எப்போது மாறியது?" என்று கேட்டால், அதைச் சொல்லாமல் இப்போது மணி என்ன என்பதைச் சொல்லியது. விளைவு என்ன? அப்டேட் இருக்கிறதா என்று தானாகப் பார்க்கும் வேலை அந்தக் கட்டளையைத்தான் நம்பியிருந்தது. "கடைசியாக எப்போது பார்த்தோம்?" "இப்போதுதான்." "சரி, அப்படியானால் வேண்டாம்." இப்படியே பல மெஷின்களில் தானியங்கி அப்டேட் சோதனை நின்றுபோனது. திரையில் எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. அக்டோபர் கடைசியில் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள்.

நம் கேட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் இது நடந்தால் யார் கவனிப்பார்கள்? ராத்திரி டூட்டி பார்க்கிற செக்யூரிட்டி அண்ணனா? அவர் பெயர் எழுதுவார், வண்டி நம்பர் எழுதுவார். புது வெளியீட்டில் வரும் கோளாறைவிட, அதைக் கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் அது வருவதுதான் என் கவலை.

இதற்காகப் புது வெளியீட்டில் இருப்பவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் அங்கே இருப்பதால்தான் இந்தப் பிசகு இப்போதே தெரிந்தது. 2026 ஏப்ரலுக்கான வெளியீடு 26.04, அது எல்.டி.எஸ். அதற்குள் இந்த மாதிரி விஷயங்கள் வெளியே வர வேண்டும் என்றுதான் நடுவில் இந்த ஒன்பது மாத வெளியீடுகளே இருக்கின்றன. பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர்களைக் கேளுங்கள். புது ரக விதை வந்தால் யாராவது ஒருவர் ஒரு மூலையில் போட்டுப் பார்ப்பார். அவர் தோட்டத்தில் காய் பிடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர் முழு நிலத்திலும் போடுவார். முதலில் போட்டவர் முட்டாள் இல்லை. அவருக்குத் தாங்கும், கவனிக்கவும் நேரம் இருக்கும்.

இதைவிடப் பெரிய கதை ஒன்று 2024 மார்ச்சில் நடந்தது. எக்ஸ்.இசட். என்று ஒரு சின்ன மென்பொருள். கோப்பைச் சுருக்குவது அதன் வேலை, ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைப் பராமரிக்க உதவுகிறேன் என்று ஒருவர் வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லபடியாக வேலை செய்து, நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் 5.6.0, 5.6.1 என்ற இரண்டு வெர்ஷன்களில் ஒரு திருட்டுக் கதவை வைத்துவிட்டார். அது பரவியிருந்தால் உலகத்தில் பாதி சர்வர்களுக்குச் சாவி அவர் கையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும் ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினியர், வேறு ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து உள்நுழைவது சுமார் அரை வினாடி தாமதமாகிறதே என்று தோண்டிப் பார்த்தார். மார்ச் 29-ஆம் தேதி உலகத்துக்குச் சொன்னார்.

அந்த வெர்ஷன் எங்கெங்கே போயிருந்தது? டெபியன் லினக்ஸில் மூன்று அடுக்கு உண்டு. எது வந்தாலும் முதலில் போய் விழுகிற 'அன்ஸ்டேபிள்', அதில் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது போகிற 'டெஸ்டிங்', பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வெளியாகும் 'ஸ்டேபிள்'. திருட்டுக் கதவு முதல் இரண்டில் நுழைந்துவிட்டது. ஸ்டேபிளுக்குப் போகவில்லை. ஃபெடோராவின் சோதனை வெளியீட்டிலும், ஓப்பன்சூசே டம்பிள்வீடு என்று தினந்தோறும் புதுசு தருகிற வகையிலும் போயிருந்தது. உபுண்டு 24.04 அப்போது வெளியீட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் பீட்டாவை ஒரு வாரம் தள்ளிவைத்து, எல்லாவற்றையும் சுத்தமான மெஷின்களில் மறுபடி கட்டினார்கள்.

ஸ்டேபிளில் இருந்தவர்களுக்கு அந்த வெள்ளிக்கிழமை சாதாரண வெள்ளிக்கிழமை. ஆனால் தம்பிகளுக்காக ஒன்று சொல்கிறேன். ஃப்ராய்ண்ட் அதைப் பிடித்தது எந்த மெஷினில் தெரியுமா? டெபியன் அன்ஸ்டேபிளில். அவரும் ஸ்டேபிளில் உட்கார்ந்திருந்தால் அது பிடிபடாமல் கீழே வரைக்கும் வந்திருக்கலாம்.

சரி, பெரிய அளவில் இதை எப்படிச் செய்கிறார்கள்? கேரளாவில் பள்ளிக்கூடங்களுக்கு கைட் என்ற அரசு அமைப்பு லினக்ஸ் போட்டுத் தருகிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். அவர்கள் எடுத்தது உபுண்டு 18.04, அதற்கு அப்புறம் 22.04. இரண்டும் எல்.டி.எஸ். நடுவில் வந்த எத்தனையோ வெளியீடுகளை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாடப்புத்தகத்தில் அச்சடித்த படமும் திரையில் வருகிற படமும் ஒன்றாக இருந்தால்தான் டீச்சர் பாடம் நடத்த முடியும். நமக்கு கேட்டில் அதே கதைதான். எங்கே அமுக்க வேண்டும் என்று செக்யூரிட்டி அண்ணன் பழகிவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரைத் திரும்பப் பழக்க நம்மில் யார் போய் உட்காரப் போகிறோம்?

நம்ம ஊரிலும் லினக்ஸ் வந்து பல வருஷமாகிறது. 2011-ல் விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது அதில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் தயாரித்தது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. எத்தனை பேர் வீட்டில் அது திறக்கப்பட்டது என்று நான் கேட்கப் போவதில்லை, கை தூக்கச் சொன்னால் சங்கடம். ஆனால் நம் படிப்பறை மெஷினில் அந்தப் பகுதி இன்னும் இருக்கிறது. அதையே பிள்ளைகளுக்குத் திறந்து விடலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். அன்றைக்குப் போட்ட வெர்ஷனுக்கு இன்று திருத்தம் கிடையாது. அதன் காலம் முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது.

இனி நம் மூன்று கம்ப்யூட்டருக்கு என் யோசனை.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் லினக்ஸ் வேண்டாம். டேலி விண்டோஸில்தான் ஓடும். கணக்கு முடிகிற மார்ச் மாதம் வேறு வருகிறது. அந்த மெஷின் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாதது, பிராசஸர் பழசு. எப்படியாவது 11-ஐ ஏற்றிவிடலாம் என்று யூடியூப்பில் வழி காட்டுகிறார்கள். அப்படி ஏற்றினால் அடுத்தடுத்த அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. நமக்குத் தேவையே அந்த உத்தரவாதம்தான். அதனால் விண்டோஸ் 10-க்கு ஒரு வருஷ நீட்டிப்பு இருக்கிறது, அதில் சேருவோம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு கிடையாது. 2026 அக்டோபர் 13 வரை திருத்தம் வரும். அதற்குள் புது மெஷினுக்குப் பட்ஜெட் ஒதுக்க வேண்டும் என்பது பொருளாளர் அண்ணனுக்கு என் விண்ணப்பம். புதுசு வந்ததும் அப்டேட் அமைப்பில் 'கிடைத்தவுடனே பெறு' என்கிற மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கும், அதை அணைத்தே வைக்கலாம். பாதுகாப்புத் திருத்தம் அதை அணைத்தாலும் வரும். விண்டோஸ் 11-லும் தேதி உண்டு என்பதை மறக்க வேண்டாம். வீட்டு உபயோகத்துக்கானதில் ஒவ்வொரு வருடாந்திர வெர்ஷனுக்கும் 24 மாதம். 'எல்.டி.எஸ்.சி. போட்டுத் தருகிறேன், பத்து வருஷம் கவலையில்லை' என்று யாராவது கடையில் சொன்னால் லைசென்ஸ் கேளுங்கள். அது பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்பது, ஒற்றை மெஷினுக்குக் கடையில் கிடைக்காது.

கேட் கம்ப்யூட்டரில் பிரவுசர் மட்டும்தான் வேலை. உபுண்டு 24.04 போடுவோம். 26.04-க்காகக் காத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். திருத்தம் நின்ற மெஷினை அதுவரை இணையத்தில் வைத்திருக்க எனக்கு மனசில்லை. இன்னொன்று, உபுண்டுக்காரர்களே ஒரு எல்.டி.எஸ்.ஸில் இருப்பவர்களை அடுத்த எல்.டி.எஸ்.ஸுக்கு உடனே அழைப்பதில்லை. முதல் திருத்தப் பதிப்பு, 26.04.1 என்று வரும், அதன் பிறகுதான் அழைப்பு வரும். வழக்கமாக ஆகஸ்ட் ஆகும். நமக்கு அப்போதும் அவசரமில்லை, 2029 வரை இருக்கிறது.

படிப்பறை மடிக்கணினிக்கு 2 ஜி.பி. நினைவகம்தான். உபுண்டு அதில் மூச்சு வாங்கும். லுபுண்டு போடலாம் என்று ஒரு தம்பி சொன்னார், நல்ல யோசனைதான், லேசானது. ஆனால் இங்கேயும் தேதி பாருங்கள். அதே 24.04 என்ற எண், ஆனால் லுபுண்டுக்கு மூன்று வருஷம் மட்டும், 2027 ஏப்ரலில் முடியும். லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்.எஃப்.சி.இ. வகை போட்டால் 2029 வரை. கூடவே ஒரு 2 ஜி.பி. நினைவகம் வாங்கிப் போட்டால் பிள்ளைகள் திட்டமாட்டார்கள்.

தம்பிகளுக்கு ஒரு விதிவிலக்கு. போன வாரம் வாங்கிய புத்தம்புது லேப்டாப்பில் பழைய வெளியீடு போட்டு வைஃபை வரவில்லை என்றால் அது உங்கள் குற்றமில்லை, புது சிப்பைப் பழைய வெளியீட்டுக்குத் தெரியாது. அப்போது புதுசுதான் வழி. உபுண்டு எல்.டி.எஸ்.ஸிலேயே இதற்காகப் புது கெர்னலை அவ்வப்போது கொண்டுவருகிறார்கள், முதலில் அதைப் பாருங்கள். பழகிப் பார்க்க மட்டும் ஆசை என்றால் பென் டிரைவிலிருந்து ஓட்டலாம், வர்ச்சுவல்பாக்ஸுக்குள் போடலாம். வீட்டில் அப்பா அம்மா பணம் அனுப்புகிற போனில் மட்டும் ஆண்ட்ராய்டு பீட்டாவுக்குச் சேர்த்துவிடாதீர்கள். சில வங்கி ஆப்கள் அதில் திறக்காது. நடுவில் வெளியே வர வேண்டுமென்றால் போனில் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுத்தான் வர முடியும்.

ஒப்புதல் கிடைத்தால் கேட், படிப்பறை இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம், காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள். செவ்வாய்க்கிழமை வேண்டாம், சந்தை நாள், கேட்டில் போக்குவரத்து ஜாஸ்தி. மாதாந்திர மின்தடை நாளும் வேண்டாம். பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் நம் யூ.பி.எஸ். பத்து நிமிஷம் தாங்கும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் டேலி டேட்டாவை இரண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்று பொருளாளர் அண்ணன் வீட்டிலும் ஒன்று செயலாளர் அம்மா வீட்டிலும் இருக்கட்டும். கேட் பதிவேட்டில் போன மூன்று மாதத்தை அச்செடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது.